வளையப் புள்ளி

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். ஹமீதா பானுவுக்கு வாய் மூடிக்கொள்ளும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கும்பகோணத்தில் ஒரே அறையில், ஒரே மின்விசிறிக்கடியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அந்த ஐப்பசி வரைக்கும் அவள் கையை அப்படி மூடி நான் பார்த்ததே இல்லை. அதற்கப்புறம் திறந்து பார்ப்பதுதான் அபூர்வமாகிவிட்டது.

எங்கள் சேனலின் பேர் அப்போது குட்டீஸ் டிவி. கேபிளில் மட்டும் வரும், கும்பகோணத்தைச் சுற்றி நாலைந்து தாலுகாவுக்கு. பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் 'அமிர்தம் அக்கா' நான்தான். தலைக்கு டை அடித்துக்கொண்டு, பலூனுக்கு நடுவில் உட்கார்ந்து, சாயங்காலம் தோறும் ஊரார் பிள்ளைகளையெல்லாம் கொஞ்சித் தீர்ப்பேன். இதில் பாதியை எங்களுக்குக் காட்டக்கூடாதா என்று வீட்டில் என் பிள்ளைகள் கேட்பார்கள். ஹமீதா பானுவுக்குத் திரைக்குப் பின்னால் வேலை. எழுத்து, படம், கீழே ஓடுகிற பேர் வரிசை எல்லாம் அவள் கைவேலைதான். குடவாசல் பக்கம் பொய்கைமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் ஹாஜா மைதீன் துபாயில் இருந்தார். யாரிடமும் அதிர்ந்து பேசாத பெண். நான் கத்துகிற கத்தலுக்கெல்லாம் ஒரு சிரிப்புதான் பதில்.

கேபிளை அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்ட பிறகு உள்ளூர் சேனல்களுக்கெல்லாம் உதறல் எடுத்திருந்த சமயம் அது. எங்கள் முதலாளி மீரா உசேன் பாய், சவூதியில் சம்பாதித்ததை முழுக்க இந்தச் சேனலில் கொட்டியவர். பழைய பேரையும் பழைய மூஞ்சியையும் வைத்துக்கொண்டு இனிமேல் பிழைக்க முடியாது, எல்லாவற்றையும் புதுசாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். புதுப் பேர் கோலிக்குண்டு டிவி. குழந்தைகள் தினத்தன்று புது முகத்தோடு வர வேண்டும், மகாமகக் குளத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை பேனர் கட்ட வேண்டும் என்றெல்லாம் திட்டம். அந்தப் பேரை எந்த எழுத்தில் போடுவது என்பதுதான் பாக்கி.

மூன்று எழுத்து எங்கள் முன்னால் இருந்தது. ஒன்று, ஊரில் எல்லா டிடிபி கடையிலும் கிடைக்கிற குண்டு எழுத்து. ஐஸ் வண்டியிலும் அதுதான், பால்வாடிச் சுவரிலும் அதுதான். இரண்டாவது, சென்னைச் சேனல்களைப் பார்த்துச் செய்தது, ஓரமெல்லாம் கூர்கூராக இருக்கும். குழந்தை தொட்டால் குத்திவிடுமோ என்று எனக்குத் தோன்றும். மூன்றாவது, ஹமீதா பானு தானே வரைந்தது. பழைய டப்பா டிவியில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து காணாமல் போய்விடுகிறது, பிள்ளைகள் எது 'க', எது 'க்' என்று தெரியாமல் முழிக்கிறார்கள் என்பது அவளுக்கு ரொம்ப நாளாக இருந்த குறை. அதனால் புள்ளியைப் பெரிசாக்கி, நடுவில் ஓட்டை விட்டு, வளையமாகப் போட்டிருந்தாள். கோலிக்குண்டு என்று எழுதினால் தலைக்கு மேல் இரண்டு கோலி உட்கார்ந்திருக்கும். பேருக்கு மட்டும் இல்லை, மொத்த எழுத்தையும் அப்படியே செய்து முடித்திருந்தாள். டிடிபி கடைகளில் ஓடுகிற பாமினி எழுத்தில் அடித்துப் பழகியவர்கள் விரல் மாறாமல் அதை அடிக்கலாம். அவள் கம்ப்யூட்டரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்த எழுத்து கிடையாது.

மூன்றையும் அட்டையில் ஒட்டி வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்தோம். பிறந்தநாள் போட்டோ கொடுக்க வருகிற பிள்ளைகள் நேராக மூன்றாவது அட்டைக்குப் போய், வளையத்துக்குள் விரலை விட்டுச் சுற்றுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து பாய்க்கு வாயெல்லாம் பல். இதுதான் நம்ம எழுத்து, இதுக்கு மேல் பேச்சே இல்லை என்றுவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் இருந்த அறையில் பிறந்த எழுத்தல்லவா.

ஆனால் அதற்குள் வினை நடந்து முடிந்திருந்தது. பொய்கைமங்கலத்தில் நாகம்மாள் என்று ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஊரில் யார் வயலில் நடவு என்றாலும் முதல் நாற்றுமுடியைப் பிரித்து முதல் குத்து நடுவதற்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாய்மார் வீட்டு வயலோ, பிள்ளைவாள் வீட்டு வயலோ, அவள் கை படாமல் நடவு தொடங்காது. அப்படியொரு கைராசி. ஹமீதா பானுவின் அத்தா குத்தகைக்குப் பார்த்த வயலிலும் வருஷா வருஷம் அவள்தான் முதல் நாற்று வைப்பாள். அதையே பார்த்து வளர்ந்தவள் ஹமீதா பானு. எழுத்தைச் செய்து முடித்ததும், பாயிடம் ஒப்படைக்குமுன் அது ஒரு ராசியான கையில் போணி ஆகட்டும் என்று நினைத்திருக்கிறாள். கடைக்காரர்கள் காலையில் முதல் வியாபாரத்துக்கு நல்ல கையாகத் தேடுவார்களே, அதே மாதிரி. அந்த நேரம் பார்த்து, நான் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு நோட்டீஸ் அடித்துத் தரச் சொல்லி நாகம்மாள் எங்கள் அறைக்கே வந்து நின்றாள்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்து, சம்பா நடவு அப்போதுதான் முடிந்திருந்தது. நட்டு வேர் பிடிக்காத வயலில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆட்கள் இறங்கி, குழாய் பதிக்க அளந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கல் நட்டுக்கொண்டு போனார்கள். நாகம்மாளின் அரை ஏக்கரிலும் ஒரு கல். அவள் சொல்லச் சொல்ல ஹமீதா பானு அடித்தாள்: 'எங்களைக் கேட்காமல் எங்கள் வயலில் கல் நடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் வாய்க்கால் பாலத்துக்கு வாருங்கள்.' அவ்வளவுதான். புள்ளியெல்லாம் வளையம் வளையமாக. நாகம்மாள் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், ஜெராக்ஸ் எடுத்து ஊர் ஊராகக் கொடுத்தாள். அடியில் அச்சடித்தவர் பேர் போட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பாலத்தில் எதிர்பாராத கூட்டம். பேச்சு வார்த்தை முற்றி, யாரோ எறிந்த கல்லில் ஜீப் கண்ணாடி உடைந்து ஒரு அதிகாரிக்கு நெற்றியில் காயம். எறிந்தது யாரென்று தெரியவில்லை, அதனால் கூட்டத்தைக் கூட்டியது யாரென்று தேட ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த நாகநாதன் என்பவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். டீக்கடை பெஞ்சில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன் என்பதற்கு மேல் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. வாங்கிய அடியை அவர் உடம்புதான் சொல்லும். நோட்டீஸ் போட்டவர் சிக்கினால் குண்டர் சட்டம், ஒரு வருஷம் வெளியே வர முடியாது என்று பஸ்ஸில் எல்லாம் பேச்சு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு யார் வந்தார்கள் என்று ஞாபகம் இல்லை, அல்லது ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். குடவாசலிலிருந்து கும்பகோணம் வரை ஒவ்வொரு அச்சகமாக ஏறி இறங்கி, இந்த எழுத்து யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார்கள். யாரிடமும் இல்லை.

இதெல்லாம் எனக்கு வெறும் ஊர்ச்செய்தியாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே ஹமீதா பானு உட்கார்ந்திருந்தாள். என்னடி, புருஷன் ஞாபகமா என்று கேலி செய்தேன். அவள் மூடின கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் சொன்னாள்.

"அக்கா, அந்த நோட்டீஸ் எழுத்து என்னுதுக்கா."

சுவரில் மாட்டியிருந்த அட்டையை எட்டிப் பார்த்தேன். இரண்டு வளையமும் என்னையே முறைப்பதுபோல் இருந்தது. அதே எழுத்துதான் இன்னும் சில நாளில் ஊர் முழுக்க பேனரில் தொங்கப் போகிறது. போலீஸ்காரர் ஒருத்தர் அண்ணாந்து பார்த்தால் போதும். நேரே எங்கள் அறைக்கு வருவார், அங்கிருந்து நேரே நாகம்மாள் வீட்டுக்கு.

அன்றைக்கே ஹமீதா பானு பாயிடம் போய், மூன்றாவது எழுத்து வேண்டாம், குண்டு எழுத்தே நல்லது என்று சொல்லிப் பார்த்தாள். டிவியில் வளையம் சிமிட்டும் என்றாள், தூரத்தில் தெரியாது என்றாள், வளையத்தை அடைத்துச் சாதாரணப் புள்ளியாக்கித் தரட்டுமா என்று கேட்டாள். பெற்ற பிள்ளையை நீயே வேணாங்கிறியேம்மா என்று பாய் சிரித்தார். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பேனர் அச்சுக்குப் போகிறது, இனிமேல் இதைப் பற்றிப் பேசாதே என்று அனுப்பிவிட்டார். அவள் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வாசலில் புல்லட் வண்டிச் சத்தம் கேட்டாலே தோள்பட்டை குலுங்கியது. அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

சனிக்கிழமை ஒருத்தர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்தார். பேர் கண்ணுசாமி. சாதாரணச் சட்டைதான், ஆனால் தலைமுடி வெட்டும் ஷூவும் சொல்லிவிட்டன. உளவுப் பிரிவில் ஏட்டு என்று அவரே சொன்னார். போட்டோவை வாங்கிக்கொண்டு, பெண்ணின் பேரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். வாங்கித் திருப்பினேன். 'எங்களைக் கேட்காமல்' என்று ஆரம்பித்தது. வளையம் வளையமாக.

தாளை மேஜையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அந்தப் பெண் சுவரோரம் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளையும் போல அதுவும் மூன்றாவது அட்டையில் விரலை வைத்து, அப்பா இதுல ஓட்டை இருக்கு என்றது. அவர் சும்மா திரும்பிப் பார்த்தார். பிறகு என் கைக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். எழுந்து போய் அட்டைக்கு முன்னால் நின்றார். ஹமீதா பானு அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்த எழுத்து எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

அவளைக் கேட்டார். எனக்குத்தான் பயத்தில் வாய் நீளுமே, நீண்டது.

"நெட்லேர்ந்துதான் சார். ஊர்ல எல்லா டிடிபி கடையிலயும் கெடக்கு. நாங்க மட்டுமா வச்சிருக்கோம்?"

அச்சகங்களில் கேட்டேனே, இல்லை என்றார்களே என்றார். அவர்கள் பழைய சிடியை வைத்து ஓட்டுகிறவர்கள், டிடிபி கடையில் கேட்டுப் பாருங்கள் என்று கூசாமல் அடித்துவிட்டேன். திங்கட்கிழமை கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் ஹமீதா பானு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாகம்மாக்கா பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான்க்கா இருக்கேன். ஆனா அடிச்சாங்கன்னா சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு."

எனக்கு வந்ததே கோபம், அவள்மேலா, அந்த ஆள்மேலா, கல் நட்டவன்மேலா என்று தெரியவில்லை. "எந்திரிடி, சொன்ன பொய்யை நெசமாக்கிட வேண்டியதுதான்" என்றேன். பிறந்தநாள் பாட்டெல்லாம் வைத்திருந்த என் பென் டிரைவில் எழுத்தை ஏற்றினாள். பெரிய தெருவில் தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு டிடிபி கடை விடாமல் ஏறினோம். புது எழுத்து, சும்மாவே தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். சும்மா வருகிறதை யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். திரும்பி வருகிற வழியில்தான் ஹமீதா பானு நடு ரோட்டில் நின்றாள். எங்கே கிடைத்தது என்று கேட்டால், சனிக்கிழமை குட்டீஸ் டிவி பானு வந்து கொடுத்தாள் என்றுதானே எல்லா கடைக்காரரும் சொல்வார்கள் என்றாள். சே, எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு குழியை மூடப் போய், பக்கத்தில் இன்னும் ஆழமாக ஒன்றைத் தோண்டிவிட்டு வந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எவனோ கம்பெனிக்காரன் நம் வயலில் கல் நட்டதற்கு, நம் ஊர் ஆளைப் பார்த்து நாமே இப்படிப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டோவில் போனவள், மார்க்கெட் முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரின் அப்பா முந்தின நாள் தவறிப்போயிருந்தார். கடைத்தெரு முழுக்க ஃப்ளெக்ஸ். கட்சிக் கொடி, தலைவர்கள் படம், நடுவில் பெரியவர் படம். மேலே, ஆள் உயரத்துக்குக் 'கண்ணீர் அஞ்சலி'. 'ண்' தலையில் ஒரு கோலி, 'ர்' தலையில் ஒரு கோலி, 'ஞ்' தலையில் ஒரு கோலி. புது எழுத்து கிடைத்த ஆசையில் எந்தக் கடைக்காரரோ ராத்திரியோடு ராத்திரியாக அடித்துத் தள்ளியிருந்தார். ஒருத்தர் சாவுக்குச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லக் கூடாது. பட்டேன்.

கண்ணுசாமி அன்றைக்குச் சொன்னபடி வந்தார். உட்காரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, கடைகளில் கேட்கவில்லை என்றார்.

"கேக்கறதுன்னா மொதல்ல செயலாளர் வீட்டுக்குத்தான் போகணும், இந்த எழுத்து ஏதுன்னு. எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

என்னிடம் சொல்லவில்லை, ஹமீதா பானுவைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. பெண்ணின் பிறந்தநாளை மறக்காமல் போடச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை நான் கொஞ்சிய கொஞ்சலைப் போல என் வாழ்நாளில் யாரையும் கொஞ்சியதில்லை.

ஆனால் மீரா உசேன் பாயும் அதே கடைத்தெரு வழியாகத்தான் வந்தார். என் பிள்ளைகளுக்கு வைத்திருந்த எழுத்தில் சாவுச் சேதி போட்டிருக்கிறானே என்று வந்ததும் வராததுமாக மேஜையில் அடித்தார். கடைகளில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். நீயா கொடுத்தே என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டார். அவள் கை மூடிக்கொண்டது. எவ்வளவுக்கு விற்றாய் என்று அவர் கேட்டபோது நான் எழுந்துவிட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று. உட்கார்ந்துவிட்டேன். வந்த சொல்லை நான் விழுங்கியது அந்த ஒரு தரம்தான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பாய் சொன்னார், கத்தாமல்தான் சொன்னார். குழந்தைகள் தினத்தன்று கோலிக்குண்டு டிவி ஐஸ் வண்டி எழுத்தில் வந்தது.

முதலாளி சரக்கை விற்றவள் என்ற பேர் கும்பகோணத்தில் அவளுக்கு முன்னால் போய் நின்றது. எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. குடவாசலில் சின்னதாக ஒரு டிடிபி கடை போட்டாள். நாகநாதன் வெளியே வந்தார். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து நின்றதில் குழாய் வேலை படுத்துவிட்டது, நாகம்மாள் வயலில் கல்லும் சாய்ந்துவிட்டது. வழக்கு மட்டும் முடியவில்லை. நோட்டீஸ் போட்டவர் 'அடையாளம் தெரியாத நபர்' என்று அதில் அப்படியே கிடந்தது. வளையப் புள்ளி மட்டும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு என்று பேராவூரணி வரைக்கும் போய்விட்டது. யார் செய்த எழுத்து என்று யாருக்கும் தெரியாது. அவள் கடையில் மட்டும் அது கிடையாது. யாராவது அந்தக் கோலி எழுத்தில் போடுங்க என்று கேட்டால், எங்கிட்ட இல்லீங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஜீப் ஏதாவது தெருவில் மெதுவாகப் போனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாள். நான் போகும்போதெல்லாம் இதற்காகத் திட்டுவேன். அவள் சிரிப்பாள், கை மூடியிருக்கும்.

போன தை மாதம், அறுவடை முடிந்த கையோடு நாகம்மாள் செத்துப்போனாள். தகவல் வந்து நான் பொய்கைமங்கலம் போனேன். வாய்க்கால் பாலத்தில், அன்றைக்குக் கூட்டம் கூடின அதே இடத்தில், ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நாகம்மாள் சேற்று வயலில் முதல் நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற படம். மேலே கண்ணீர் அஞ்சலி, வளையப் புள்ளியோடு. கீழே வலது ஓரத்தில், கடைக்காரர்கள் தங்கள் பேரைப் போடுகிற இடத்தில், சின்னதாக இருந்தது: 'எழுத்து செய்தவர், அச்சிட்டவர்: ஹமீதா பானு, பொய்கைமங்கலம்.'

அவள் ஃப்ளெக்ஸின் கீழ்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அடி பாவி, கேஸ் இன்னும் இருக்குடி, பேரை வேற போட்டிருக்கியே என்று அவள் காதோரம் சீறினேன்.

"இனிமே அவங்களைப் பிடிக்க முடியாதேக்கா. என்னைத்தானே பிடிப்பாங்க."

அப்போது குடவாசல் பக்கமிருந்து ஒரு போலீஸ் ஜீப் பாலத்தின் மேல் வந்தது. கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர் தலையைச் சாய்த்து ஃப்ளெக்ஸைப் படித்தார். ஹமீதா பானு கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்தாள். ஜீப் போய்விட்டது. குனிந்து என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.